வீட்டுக்கு ஒரு கிராணி வேண்டும்

'சாலை விபத்தும் சட்ட உதவியும்' என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஈப்போ வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் காலையில் நம் பேராக் மாநிலத்தில் நடந்த விபத்தை யாரும் மறந்திருக்க முடியாது. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி திருவிழாவுக்குப் பாதுகாப்புப் பணிக்காக வந்த கலகத் தடுப்புப் போலீசார், பணி முடிந்து திரும்பும் வழியில் கல் ஏற்றி வந்த லோரி மோதி 9 பேர் உயிரிழந்தார்கள். நம் திருவிழா அமைதியாக நடக்க வேண்டும் என்று வந்தவர்கள் அவர்கள். அடுத்த மாதமே, ஜூன் 9ஆம் நாள், கெரிக் அருகே பஸ் கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். நாடே கலங்கியது. நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின.

ஆனால் நேயர்களே, செய்தியாகாத விபத்துகளே நம் நாட்டில் அதிகம். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டும் 6,000 பேருக்கு மேல் மலேசியச் சாலைகளில் உயிரிழந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். கை கால் முறிந்து, தலையில் அடிபட்டு, வேலை இழந்து வீட்டில் கிடப்பவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவர்களைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். காயம்பட்டவருக்குச் சட்டம் என்ன தருகிறது, அது ஏன் நம்மவர்கள் பலருடைய கைக்கு முழுமையாக வந்து சேருவதில்லை என்ற இரண்டு கேள்விகள்தாம் இன்றைய என் பேச்சு.

லயத்திலிருந்து தாமானுக்கு

முதலில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட்டில் எல்பில், டவன்பி, செம்மோரில் ஸ்ட்ராதிஸ்லா, பத்து காஜா பக்கம் கிந்தா கெல்லாஸ் என்று எத்தனையோ ரப்பர் தோட்டங்களின் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் இருக்கின்றன. பால்மரம் பல இடங்களில் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டது. பள்ளியின் பெயரில் மட்டும் 'லாடாங்' என்ற சொல் நிற்கிறது.

அந்தத் தோட்டங்களில் நம் பெற்றோர் லயத்திலிருந்து நிரைக்கு நடந்தே போனார்கள். பெரட்டுக்குப் போகவும் நடைதான், கடைக்குப் போகவும் நடைதான். மரத்திலிருந்து விழுந்தாலோ கத்தி பட்டாலோ தோட்ட டிரஸ்ஸர் புத்தகத்தில் எழுதுவார். வேலைக்கு வந்த நாளையும் வராத நாளையும் கிராணி செக்ரோலில் எழுதுவார். 1952ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி பாரம் நிரப்ப வேண்டுமென்றால் அதையும் ஆபீசில் நிரப்பினார்கள். தகராறு என்றால் 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பிரதிநிதி வந்து பேசினார். அந்தக் கிராணி எல்லா நேரமும் தொழிலாளிக்குச் சாதகமாக எழுதினார் என்று நான் சொல்லவில்லை. தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்றும் சொல்லவில்லை. ஆனால் எழுதுவதற்கு ஓர் ஆள் இருந்தார்.

தோட்டம் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, நம் மக்கள் மலிவு விலை வீடுகளுக்கும் தாமான்களுக்கும் வந்தபோது வேலை தூரமாகிவிட்டது. சுங்கை சிப்புட்டில் வீடு, ஈப்போ தாசேக் தொழிற்பேட்டையில் வேலை. விடியற்காலை ஷிப்ட், நள்ளிரவு ஷிப்ட். கையில் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். நடந்து போன சமுதாயம் இரண்டு சக்கரத்தில் ஏறியது. விபத்து வந்தபோது டிரஸ்ஸரும் இல்லை, கிராணியும் இல்லை, எழுதிவைக்க யாரும் இல்லை.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். விபத்து இழப்பீட்டில் இந்தப் பழமொழி எழுத்துக்கு எழுத்து உண்மை.

ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். இது கற்பனை. ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள். வயது 24. தொழிற்சாலையில் வேலை, ஓவர்டைம் சேர்த்து மாதம் 2,000 வெள்ளி வருமானம். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது சாலைச் சந்திப்பில் ஒரு கார் திடீரென வளைந்து அவரை மோதுகிறது. தொடை எலும்பு முறிவு, தலையில் காயம். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இனி என்ன செய்ய வேண்டும்?

போலீஸ் புகாரில் என்ன எழுதுவது?

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி விபத்தில் சம்பந்தப்பட்ட வாகன ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். நம் பிள்ளை மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தால் குடும்பத்தில் ஒருவர் போய்த் தகவல் கொடுத்துவிடலாம். பேசும் நிலைக்கு வந்ததும், தாமதிக்காமல், அவரே தன் புகாரைப் பதிவு செய்ய வேண்டும்.

இங்கேதான் முதல் சறுக்கல். விபத்தைப் பார்க்காத அண்ணன் காவல் நிலையத்துக்குப் போகிறார். யாரோ சொன்னதைக் கேட்டு, தம்பி வேகமாக வந்தான், சிவப்பு விளக்கில் வந்திருக்கலாம் என்றெல்லாம் சொல்லிவிடுகிறார். அது புகாரில் ஏறிவிடும். பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தத் தாளைத்தான் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டுவார். ஆகவே தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததை, எனக்குத் தெரியாது, விபத்தை நான் பார்க்கவில்லை என்றே எழுதச் சொல்லுங்கள். புகார் மலாய் மொழியில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அதில் வெட்கம் வேண்டாம்.

அதன் பிறகு விசாரணை அதிகாரியின் பெயரையும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த இடத்தின் வரைபடம், படங்கள், விசாரணையின் முடிவு ஆகியவற்றைப் பின்னர் கட்டணம் செலுத்திப் பெறலாம். எதிர்த்தரப்பு வாகனத்தின் எண் தெரிந்தால் அதன் காப்புறுதி நிறுவனத்தையும் கண்டுபிடிக்கலாம். பக்கத்துக் கடைக்காரர் பார்த்தாரா, அந்தக் கடையில் கேமரா இருக்கிறதா என்று மறுநாளே போய்ப் பாருங்கள். கேமராவில் பதிவானது பல நாள் இருக்காது. சாட்சி சொல்ல முன்வருபவரின் தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. கவனக்குறைவாக ஓட்டியதாக உங்கள் மீதே குற்றச்சாட்டு வந்தால், வேலைக்குப் போக வேண்டும், சீக்கிரம் முடித்துவிடுவோம் என்று நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஒப்புதல் பின்னால் இழப்பீட்டு வழக்கில் உங்களுக்கு எதிராக வரும். முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கட்டிலருகே வரும் 'உதவி'

இரண்டாவது சறுக்கல் மருத்துவமனையில். விபத்து நடந்த மறுநாளே ஓர் ஆள் கட்டிலருகே வந்து நிற்பார். தமிழில் அன்பாகப் பேசுவார். "அம்மா, நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. லாயரு, போலீசு, ரிப்போட்டு எல்லாத்தையும் நான் பாத்துக்குறேன். ஒரு காசு நீங்க குடுக்க வேணாம். இதுல மட்டும் ஒரு கையெழுத்து போடுங்க" என்பார். அழுதுகொண்டிருக்கும் தாய்க்கு அந்த நேரத்தில் அவர் கடவுள் அனுப்பிய பிள்ளையைப் போலத் தெரிவார். சில வேளைகளில் ஐந்நூறு வெள்ளி கைச்செலவுக்கும் கொடுப்பார்.

இவரை நம் வழக்கில் புரோக்கர் என்கிறோம், டவுட் என்கிறோம். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி, வழக்கறிஞர் அல்லாத ஒருவர் இப்படி வழக்கறிஞரின் சேவையை ஏற்பாடு செய்து தருவது குற்றம். அதே சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி, வழக்கில் வென்றால் மட்டுமே கட்டணம், பணம் வந்தால் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் செய்யக்கூடாது. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் வழக்கறிஞருக்குத் தடை செய்யப்பட்ட ஒன்று.

அந்தத் தாய் கையெழுத்துப் போட்ட தாள் எது? பெரும்பாலும் அது 'வாரன்ட் டு ஆக்ட்' என்ற பத்திரம். என் சார்பில் வழக்கை நடத்த இந்த வழக்கறிஞருக்கு அதிகாரம் தருகிறேன் என்பது அதன் பொருள். அந்த வழக்கறிஞரை அவர் பார்த்தே இருக்கமாட்டார். வழக்கு எங்கே நடக்கிறது, எவ்வளவுக்கு முடிந்தது என்பதும் தெரியாது. ஒரு நாள் புரோக்கர் ஒரு தொகையைக் கொண்டு வந்து கொடுப்பார், அவ்வளவுதான். அது முழுத் தொகையா, பாதியா என்று கேட்க கையில் ஒரு தாள்கூட இருக்காது.

நேயர்களே, ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். வழக்கறிஞரை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அந்த வழக்கறிஞர் நிறுவனத்துக்கு நேரில் போய், என் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். இழப்பீட்டுத் தொகை வந்தால் அது வழக்கறிஞரின் கட்சிக்காரர் கணக்கில் சேரும். வந்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு, தந்தது எவ்வளவு என்று எழுத்தில் கணக்குக் கேட்கலாம். கணக்குக் கிடைக்காவிட்டால் வழக்கறிஞர்கள் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்திடம் புகார் செய்யலாம்.

சொக்சோ வேறு, வழக்கு வேறு

அந்த 24 வயது இளைஞர் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது அடிபட்டார் அல்லவா? வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் ஏற்படும் விபத்தை 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேலை விபத்தாக ஏற்கிறது. பெர்கேசோ என்று இன்று சொல்லும் நம் சொக்சோதான் அது. நாலு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு இருந்தால், வேலைக்குப் போக முடியாத அந்த நாள்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கும். நிரந்தர ஊனம் ஏற்பட்டால் அதற்குத் தனி உதவித்தொகை உண்டு. மருத்துவமும் மறுவாழ்வுச் சிகிச்சையும் உண்டு.

வழியில் நண்பர் வீட்டுக்குத் திரும்பினார், சொந்த வேலையாக வேறு பாதையில் போனார் என்றால் சிக்கல் வரும். அதனால் வேலை முடிந்த நேரத்தைக் காட்டும் பஞ்ச் கார்டு, போலீஸ் புகார், வழக்கமாகப் போகும் பாதையின் வரைபடம், மருத்துவ விடுப்புச் சான்றிதழ் அத்தனையும் வேண்டும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிக்கவில்லை என்றால் நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். உணவு விநியோகம், வாடகை வண்டி என்று சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனித் திட்டம் இருக்கிறது. சந்தா கட்டியிருக்கிறாரா என்று இன்றே பாருங்கள்.

நம்மவர்களிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. சொக்சோவில் பணம் வாங்கிவிட்டால் வழக்குப் போட முடியாது என்பார்கள். உங்கள் சொந்த முதலாளியின் மீதுதான் அந்தத் தடை. உங்களை மோதிய காரோட்டி வேறு ஆள். அவர் மீது வழக்குத் தொடர சொக்சோ தடையில்லை.

ஒரு தாளின் விலை 57,600 வெள்ளி

இனி இழப்பீட்டுக் கணக்குக்கு வருவோம். சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பணம் அந்தக் காரோட்டியின் சட்டைப்பையிலிருந்து வருவதில்லை, காப்புறுதி நிறுவனத்திலிருந்து வருகிறது. பாவம், அவரும் நம்மைப் போல ஏழைதான், எதற்கு வழக்கு என்று விட்டுவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இழப்பீட்டில் இரண்டு பகுதி. வலிக்கும் வேதனைக்கும் உடல் உறுப்பின் இழப்புக்கும் தருவது ஒரு பகுதி. எந்தக் காயத்துக்குச் சுமார் எவ்வளவு என்பதற்கு வழிகாட்டித் தொகுப்பு ஒன்று 2010இல் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. அது வழிகாட்டிதான், முடிவு நீதிபதியின் கையில். இன்னொரு பகுதி, கணக்குப் போட்டுக் காட்ட வேண்டிய செலவும் இழந்த வருமானமும். இதற்கு ஆதாரம் கேட்பார்கள்.

1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு எதிர்கால வருமான இழப்பைக் கணக்கிடும் முறையைச் சொல்கிறது. 2019 செப்டம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, அடிபட்டபோது வயது 30 அல்லது அதற்குக் கீழ் என்றால் 16 ஆண்டு என்று பெருக்குவார்கள். 31 முதல் 59 வரை என்றால் 60இல் வயதைக் கழித்து இரண்டால் வகுப்பார்கள். 44 வயதுக்காரருக்கு 8 ஆண்டு. முன்பு 55 வயதை வைத்துக் கணக்கிட்டதை 60 ஆக உயர்த்தியது அந்தத் திருத்தம்தான்.

நம் இளைஞர் இனி வேலையே செய்ய முடியாத நிலை என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 2,000 வெள்ளி. சொந்தச் செலவு 600 வெள்ளி என்று நிரூபணமானால் அதைக் கழிப்பார்கள். மீதி 1,400. பன்னிரண்டு மாதத்துக்கு 16,800. பதினாறு ஆண்டுக்கு 2,68,800 வெள்ளி. ஓவர்டைம் பணத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லை, அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளிக்கு மட்டுமே தாள் இருக்கிறது என்றால்? 600 கழித்தால் 1,100. அதே கணக்கில் 2,11,200 வெள்ளி. வித்தியாசம் 57,600 வெள்ளி. மாதா மாதம் குப்பையில் எறிந்த சம்பளச் சீட்டின் விலை அது.

தவறில் நம் பிள்ளைக்கும் பங்கு உண்டு, 30 விழுக்காடு என்று நீதிமன்றம் முடிவு செய்தால் 2,68,800இல் 30 விழுக்காடு குறையும். 1,88,160 வெள்ளிதான் கிடைக்கும். புகாரில் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை 80,640 வெள்ளியைக் கொண்டுபோகக்கூடும். இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு புரோக்கருக்கு என்றால் இன்னொரு 62,720 வெள்ளி போய்விடும். இது எடுத்துக்காட்டுக் கணக்கு, ஒவ்வொரு வழக்கும் வேறுபடும். ஆனால் பணம் எந்தெந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்பது இதில் தெரியும்.

புல் வெட்டுபவர், வீடு கட்டும் இடத்தில் நாள்கூலிக்குப் போகிறவர், பசார் மாலாமில் கடை போடுபவர் ஆகியோருக்குச் சம்பளச் சீட்டு ஏது என்று கேட்பீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, இடம், கிடைத்த பணம். அதோடு பணத்தை வங்கியில் போட்டு எடுங்கள். வேலை கொடுத்தவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். மருத்துவமனைக்குப் போன டாக்சி ரசீது, ஊன்றுகோல் வாங்கிய ரசீது, கட்டுத்துணி ரசீது எல்லாவற்றையும் வையுங்கள். தாய் வேலையை விட்டுவிட்டு மகனைக் குளிப்பாட்டி, தூக்கி, பராமரிக்கிறார் என்றால் அந்தப் பராமரிப்புக்கும் ஒரு தொகை கேட்கலாம். அம்மா செய்வதற்குக் கணக்கா என்று கேட்காதீர்கள். சட்டம் கணக்குப் பார்க்கிறது.

தாலி இருந்தது, பத்திரம் இல்லை

விபத்தில் குடும்பத் தலைவர் இறந்துவிட்டால், அவரை நம்பியிருந்த மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் இழப்பீடு கேட்கலாம். துயர ஈடு என்று சட்டம் தரும் தொகை முன்பு 10,000 வெள்ளி, 2019 திருத்தத்துக்குப் பின் 30,000 வெள்ளி.

இங்கே தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பங்கள் படும் துன்பம் ஒன்று உண்டு. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள், ஊரே வந்து வாழ்த்தியது, மூன்று பிள்ளைகள் பிறந்தன. ஆனால் பதிவு இலாகாவில் திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்த திருமணச் சட்டம் பதிவைக் கேட்கிறது. கணவர் இறந்த பிறகு, நான்தான் மனைவி என்று அந்தப் பெண் நீதிமன்றத்தில் நிரூபிக்கப் போராட வேண்டியிருக்கிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் இல்லை என்றால் சிக்கல் இரட்டிப்பாகும். விபத்துக்கும் திருமணப் பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். சம்பந்தம் இதுதான்.

காலம் காத்திருக்காது

காயத்துக்கான வழக்கைப் பொதுவாக விபத்து நடந்த நாளிலிருந்து 6 ஆண்டுக்குள் தொடர வேண்டும். மரணத்துக்கான குடும்பத்தினரின் வழக்குக்கு 3 ஆண்டுதான். மோதியது அரசாங்க வாகனம் என்றால் 36 மாதம்தான். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளுக்குத் தனி விதி உண்டு. பிள்ளைக்குக் கிடைக்கும் இழப்பீட்டுக்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும், பணமும் நீதிமன்ற உத்தரவுப்படி பிள்ளைக்காகப் பாதுகாக்கப்படும்.

ஆறு ஆண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சாட்சி ஊர் மாறுவார், வாகனம் கைமாறும், நினைவு மங்கும். அதே நேரத்தில், காயம் ஆறும் முன்பே சிறு தொகைக்குக் கையெழுத்துப் போட்டு முடிப்பதும் கூடாது. கால் நிரந்தரமாகக் குட்டையாகிவிட்டதா, தலைக்காயத்தால் ஞாபக மறதி வந்ததா என்பதெல்லாம் மாதங்கள் கழித்துத்தான் நிபுணர் மருத்துவர் சொல்ல முடியும். அதனால் மருத்துவமனை கொடுக்கும் மறுபரிசோதனைத் தேதி ஒன்றையும் தவறவிடாதீர்கள். போகாமல் விட்டால், காயம் ஆறிவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

வழக்கறிஞரை எப்படித் தேர்வது?

வழக்கறிஞர் நிறுவனத்துக்கு நேரில் போங்கள். வழக்கறிஞரையே பார்த்துப் பேசுங்கள். அவர் தொழில் செய்யும் சான்றிதழ் உள்ளவரா என்பதை வழக்கறிஞர் மன்றத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கட்டணம் எவ்வளவு, வேறு செலவு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். கட்டணத்தை முடிவில் வாங்கிக்கொள்வதாகச் சொல்வது வேறு, வென்றால் பங்கு கேட்பது வேறு. கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

பணமில்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவின் ஈப்போ கிளையிலும், வழக்கறிஞர் மன்றத்தின் பேராக் சட்ட உதவி மையத்திலும் முதலில் விசாரித்துப் பார்க்கலாம். வருமானத்தையும் வழக்கின் தன்மையையும் பார்த்து, உதவ முடியுமா என்று சொல்வார்கள். வழக்கு பெரும்பாலும் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடக்கும். வாகன விபத்து வழக்கில் எவ்வளவு பெரிய தொகையையும் அங்கேயே கேட்கலாம். 1,00,000 வெள்ளிக்கு மேற்படாதது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும்.

நேயர்களின் கேள்விகள்

நிகழ்ச்சிக்கு முன் வந்த கேள்விகளில் மூன்றுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன்.

மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அப்போதும் போலீஸ் புகார் அவசியம். வாகனம் கண்டுபிடிக்கப்படவில்லை என்றாலும், வாகனத்துக்குக் காப்புறுதியே இல்லை என்றாலும், தீபகற்ப மலேசியாவில் மோட்டார் காப்புறுதியாளர் மன்றம் ஒன்று இருக்கிறது. அதனிடம் விண்ணப்பிக்க வழியுண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். மோதியவர் போய்விட்டார், இனி ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். வேலைப் பயணம் என்றால் சொக்சோ இருக்கவே இருக்கிறது.

ஓட்டுநர் உரிமம் இல்லாத தம்பி அடிபட்டான், வழக்குப் போடலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். உரிமம் இல்லாமல் ஓட்டுவது குற்றம், அதற்குத் தண்டனை உண்டு. ஆனால் அந்த ஒரே காரணத்துக்காக இழப்பீடு கிடையாது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். விபத்துக்கு யார் காரணம் என்பது தனிக் கேள்வி. எனினும் பிள்ளைகளுக்கு உரிமம் எடுத்துக் கொடுங்கள், தலைக்கவசத்தைச் சரியாக மாட்டச் சொல்லுங்கள். எந்த இழப்பீடும் உயிருக்கு ஈடாகாது.

கணவர் ஓட்டிய காரில் நான் பயணியாகப் போனேன், தவறு அவருடையதுதான், காப்புறுதி தருமா என்பது மூன்றாவது கேள்வி. தனியார் காரில் சும்மா பயணம் செய்பவருக்கான பொறுப்பைக் கட்டாயக் காப்புறுதியில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்று கூடுதல் பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. ரோட்டெக்ஸ் புதுப்பிக்கும்போது, அது என் காப்புறுதியில் இருக்கிறதா என்று கேளுங்கள். சிறிது பணம்தான் கூடும். தவறு இன்னொரு வாகனத்தின் மீது என்றால் அந்த வாகனத்தின் காப்புறுதியிடம் பயணியும் கேட்கலாம், மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தவரும் கேட்கலாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இன்று இரவே வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பைலை எடுத்து வையுங்கள். அடையாளக் கார்டு நகல், திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், சேமநிதி அறிக்கை, ஓட்டுநர் உரிமம், வாகனக் காப்புறுதி, சொக்சோ சந்தா விவரம் ஆகியவற்றை அதில் போடுங்கள். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மகளோ மகனோ இருந்தால் அந்தப் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். மலாயும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்த அந்தப் பிள்ளைதான் இனி உங்கள் வீட்டுக் கிராணி. தோட்டத்துக் கிராணி ஆபீசுக்காக எழுதினார். இந்தக் கிராணி உங்களுக்காக எழுதட்டும்.